அக்காவின் பக்கத்தில் யாருக்கு இடம்

அக்காவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வந்து, கல்லறை மந்திரிப்பிலும் நின்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கூடப்பிறந்த தங்கையின் வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவின் மகள் ஸ்டெல்லாதான், "சித்தி, அம்மாவப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியும். நீ எழுது, நான் பிழை பாத்துத் தர்றேன்" என்றாள். எல்லாம் தெரியும் என்று அவள் சொல்வது சரியில்லை. பக்கத்திலேயே இருந்தேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தும் அக்கா செய்த பல காரியங்கள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதிலும் இப்போது ஒரு பெரிய குழப்பம் வந்திருக்கிறது. உங்களில் சிலருக்குக் காதில் விழுந்திருக்கும். அக்காவின் வீட்டுக்காரராக இருந்த மாமா, தான் இறந்தால் தன்னையும் அக்காவின் குழியிலேயே வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. சில வருஷம் போனதும் அதே குழியைத் திறந்து, அதே குடும்பத்தில் இன்னொருவரை வைப்பதுதான் வழக்கம். அக்காவின் குழி என் பேரில் இருக்கிறது. நான் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. ஆயுசு முழுவதும் யாரும் என்னிடம் இப்படி ஒரு தீர்ப்புக் கேட்டதில்லை. அக்காவின் வாழ்க்கையை வரிசையாக எழுதினால் பதில் தெரியுமோ என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அக்கா கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அக்கா எட்டாவது வரை படித்தார். நான் பள்ளிக்கூடத்தில் அழுதால் வாத்தியார் என்னை அடக்க மாட்டார், அக்காவைக் கூப்பிட்டு அனுப்புவார். அக்கா வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவருடைய பாடம் போய்விடும்.

மாமாவுக்கு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று சொல்லிக் கல்யாணம் செய்தார்கள். ஆஸ்டின் டவுனில் குடித்தனம். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் இல்லை என்று கடைசி நேரத்தில் சொல்ல, எங்கள் அம்மா தன் கம்மலைக் கழற்றி உருக்கக் கொடுத்தார். கோவிலில் மந்திரித்துக் கட்டியது அந்தத் தாலியைத்தான்.

மாமா குடிப்பார். குடித்தால் அடிப்பார். இதை மலரில் எழுதலாமா என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவளுக்கு அவர் அப்பா அல்லவா? "நடந்தத எழுது சித்தி" என்றாள். ஒரு தவக்காலத்தில் அக்காவின் இடது கை முறிந்தது. குழந்தையைத் தூக்க முடியாமல், முந்தானையில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் நான் இருந்த ஒற்றை அறைக்கு வந்தார். நான் அப்போது கான்வென்ட் சமையலறையில் வேலை செய்தேன், கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. பெரியவர்கள் வந்து பேசி இரண்டு முறை திரும்ப அனுப்பினார்கள். மூன்றாம் முறை அக்கா போகவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார்.

மாமா விடவில்லை. சம்பள நாள் பார்த்து வந்து கதவை உதைப்பார். "எம் பொண்டாட்டி ஊடு, யார்டா கேக்கறது?" என்று தெருவே கேட்கக் கத்துவார். போலீசுக்குப் போனால் அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "கண்ட ஹெண்டிர ஜகளா உண்டு மலகோ தனகா" என்பார். புருஷன் பெண்டாட்டி சண்டை சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும்தான் என்று கன்னடத்தில் சொல்லும் பழமொழி. அக்காவும் கன்னடத்திலேயே, "சார், அவர் சாப்பிட்டாச்சு, இப்ப எங்கள படுக்க விட மாட்டேங்கறாரு" என்பார். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

எங்கள் காம்பவுண்டில் இருந்த பெண் ஒருத்தி இந்து. அவளையும் அவள் புருஷன் இதே போல அடித்தான், அவள் கோர்ட்டுக்குப் போய் விடுதலை வாங்கிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அக்கா ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு வேற பொம்பள யாராவது உண்டாம்மா?" என்றார்.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க இன்னாம்மா இருக்குது? குடிப்பாரு, அடிப்பாரு. அதுக்கே அவருக்குப் பொழுது சரியாப் போவும்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். கிறிஸ்தவப் பெண்ணுக்கு அடி மட்டும் போதாதாம். புருஷன் வேறொருத்தியோடு இருந்தான், அதற்கு மேல் அடிக்கவும் செய்தான் என்று இரண்டையும் காட்டினால்தான் கோர்ட்டு முழுசாகப் பிரித்துவிடுமாம். இல்லாவிட்டால் தனியாக இருக்கலாம், ஆனால் மனைவியாகவே இருக்க வேண்டுமாம்.

"அப்ப எங்கைய ஒடச்சது கணக்குல வராதா?" என்றார் அக்கா.

"உங்க சட்டத்துல வராதும்மா."

"எங்க சட்டமா? நாங்க எப்பம்மா எழுதனோம்?"

"வெள்ளக்காரன் எழுதனதும்மா."

"அவன்தான் போயிட்டானே. போம்போது அதையும் எடுத்துனு போவக்கூடாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்களும் அந்த இந்துப் பெண்ணும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். அவளுடைய அடியும் எங்கள் அடியும் எப்படி வேறு வேறாகும்? வக்கீலம்மாவைக் கேட்க வெட்கப்பட்டு, பஸ்ஸில் வரும்போது அக்காவைக் கேட்டேன். "எனக்கு மட்டும் தெரியுமா? பேசாம வா" என்றார்.

விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது. எங்கள் பெரியப்பா மகன் ஒரு வழி சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். யாராவது ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் ராணியம்மா விதவை. அவர் காதுக்கு இது எப்படியோ போய், அவரே வந்து உட்கார்ந்தார்.

"எம்பேரப் போட்டுக்கோ தாயி. எனக்கு இன்னா போவுது? கட்டனவனே போயிட்டான்."

"உனுக்கு ஒரு பொண்ணு இருக்குது இல்ல?" என்றார் அக்கா. "நாளைக்கு அதப் பொண்ணு பாக்க வர்றவன், உங்கம்மா பேரு கோர்ட்டுல இன்னாத்துக்கு வந்துதுன்னு கேப்பான். நான் வெளிய வர்றதுக்கு உன்னச் சேத்துல தள்ளணுமா?"

"நீ இப்பிடியே பேசினு இரு, அந்த ஆளு ஒரு நாளு உன்னக் கொன்னு போடுவான்."

"கொன்னா தனியா கேஸு உண்டாம். வக்கீலம்மா சொன்னாங்க."

ராணியம்மா திட்டிக்கொண்டே போனார். எனக்கும் அக்காவின் மேல் கோபம். ஒரு பொய்தானே? சட்டமே பொய் சொல்லு என்று கேட்கிறது, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அதன் பிறகு எத்தனை வருஷம் மாமாவின் உதைக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் அரிசி டிரம்மை நகர்த்தி வைத்தோம். அக்கா செய்தது நல்லது என்று எங்கள் கோவில் பங்கில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த டிரம்மை நகர்த்தியவள் நான். எனக்கு அது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

வக்கீலம்மா அக்காவைச் சும்மா விடவில்லை. இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று எல்லாச் சபைப் பெண்களும் கூடும் கூட்டங்களுக்கு அழைத்துப் போவார். ஒரு ஹாலில் மைக்கை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா, "எங்க வீட்டுக்காரரு ஒழுக்கமானவரு. அதனால எனக்கு விடுதலை இல்ல" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படிப் பல ஊர்களில் பல பேர் பேசிப் பேசி, கடைசியில் டெல்லியில் சட்டத்தை மாற்றினார்கள். அடித்தாலே போதும் என்று வந்தது. வக்கீலம்மா நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து சொன்னார். அக்கா கேஸ் போட்டார், கொஞ்ச காலம் அலைந்தார், தீர்ப்பும் வந்தது. நான் பாயசத்துக்குச் சேமியா வாங்கி வைத்திருந்தேன். அக்கா வந்தார், செருப்பைக் கழற்றினார், பட்டப்பகலில் படுத்துத் தூங்கினார். இதற்காகவா இத்தனை வருஷம் என்று எனக்கு இருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் கோவில் பங்குச்சாமியிடம் போய், "சாமி, கோர்ட்டுல பிரிச்சுட்டாங்க. இங்க எப்படி?" என்று கேட்டார்.

"கோவில் புத்தகத்துல நீங்க அவருக்கு மனைவிதாம்மா. இன்னொரு கல்யாணம் பண்ணாத வரைக்கும் பூசையில நற்கருணை வாங்கலாம்."

"இன்னொண்ணா? இத ஒண்ண முடிக்கறதுக்கே தல நரச்சுப் போச்சு சாமி."

கோர்ட்டில் மனைவி இல்லை, கோவிலில் மனைவி. இதில் எது நிஜம் என்று கேட்டால் அக்கா, "ரெண்டும் அவங்கவங்க புத்தகம். எனக்கு வேண்டியது, அந்த ஆளு கேக்காம உள்ள வரக்கூடாது. அது கெடச்சுது" என்றார். தாலியை மட்டும் கழற்றவில்லை. அதையும் கேட்டேன். "இது எங்கம்மா கம்மலு. அவரு ஊட்டுல இருந்து மஞ்சக்கயிறு கூட வர்ல. நான் எதுக்குக் கழட்டணும்?"

மாமாவுக்கு வயதானது, குடி நின்றது. ஒரு முறை காலில் புண்ணோடு அக்கா வேலை செய்த நர்சிங் ஹோமிலேயே வந்து படுத்தார். அக்கா அவரைக் கழுவித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்தார். மாமா பக்கத்துக் கட்டில்காரரிடம், "இன்னா இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்" என்று பெருமை பேசியிருக்கிறார். அக்கா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே, "பொண்டாட்டி இல்ல சார், டூட்டி. நாளைக்கு எனக்கு லீவு, வேற ஆயா வரும்" என்றாராம். ஆனால் லீவு போடவில்லை. மறுநாளும் போனார். ஏன் போனார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி முற்றி, சிறுநீரகம் கெட்டது. கடைசி மாதங்களில் டயாலிசிஸ். ஸ்டெல்லாவும் மருமகனும் முகம் சுளிக்காமல் பார்த்தார்கள். சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க, கடைசிப் பூசுதல் வாங்கி, ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். தன் குழியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அடக்கத்தன்று மாமா வந்து தலைமாட்டில் நின்று அழுதார். வயதானவர்கள் அவரை முன்னே தள்ளி முதல் பிடி மண்ணைப் போட வைத்தார்கள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

ஆறேழு மாதம் கழித்து மாமா சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தார். அங்கே தம்பி மகன் வீட்டில் இருக்கிறார்.

"இன்னா பாப்பா, நல்லாகிறியா?"

காபி கொடுத்தேன். அப்போதுதான் குழியைப் பற்றிக் கேட்டார்.

"மாமா, கோர்ட்டுல..." என்று இழுத்தேன்.

"கோர்ட்டு உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் பாப்பா. செத்ததுக்கு அப்பறம் இன்னா கோர்ட்டு? கோவில் புத்தகத்துல நாந்தான் புருசன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கல்லறைத் தோட்டத்து ஆபீசில் கேட்டேன். கோவில் புத்தகப்படி அவருக்குச் சேரலாம், ஆனால் குழி எடுத்தவர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லாவைக் கேட்டேன். "அவரு எங்கப்பா சித்தி, நான் வேணான்னும் சொல்ல முடியாது, வேணும்னும் சொல்ல முடியாது" என்று அழுதாள். வக்கீலம்மாவுக்கும் வயதாகிவிட்டது, போனில்தான் பேசினார். "சட்டத்துல இதுக்கு ஒண்ணும் இல்லம்மா. இப்ப நீங்கதான் கோர்ட்டு" என்றார்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு போன வாரம் மாமா மறுபடியும் வந்தார். அவர் மோசமாக எதுவும் பேசவில்லை. கதவைத் தட்டி, செருப்பை வெளியே விட்டு, வரலாமா என்று கேட்டு உள்ளே வந்தார். அதனால்தான் எனக்கு இத்தனை குழப்பம். உதைத்துக்கொண்டு வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் ஒருவர் கேட்கிறார் என்றால், இல்லை என்று சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? அக்காவால் இனிமேல் சொல்ல முடியாது. சரி என்பதைக்கூட அக்காவுக்காக நான் எப்படிச் சொல்வேன்?

"வேணாம் மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் காது மந்தம், "இன்னா?" என்றார். இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "செரி பாப்பா" என்றார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அவர் கேட்கும்போதெல்லாம் அவர் பேரில் பூசை வைக்கக் காசு கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைச் செய்வேன்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த நர்சிங் ஹோம் ஊழியர்களுக்கும், டயாலிசிஸுக்குத் தன் ஆட்டோவிலேயே அழைத்துப் போன எதிர்வீட்டுத் தம்பிக்கும், அடக்கத்துக்குப் பிறகு மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபடி சாப்பாடு அனுப்பிய காம்பவுண்டுக்காரர்களுக்கும், பாடல் குழுவினருக்கும், வக்கீலம்மாவுக்கும், சவப்பெட்டி நிறையப் பூவோடு வந்து காசு வாங்க மறுத்த ராணியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மண் போட வந்த மாமாவுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. நேற்று ஆபீசுக்குப் போய், அந்தக் குழியில் அடுத்த இடம் எனக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நான் போன பிறகு யாராவது பெரியவர்கள் கூடி, பாவம் அந்த மனுஷன் என்று பேசி அதை மாற்றப் பார்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. அப்போது எடுத்துச் சொல்ல நான் இருக்க மாட்டேன், இருந்தாலும் கூட்டத்தில் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன். இந்த மலர் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கட்டும். நீங்கள்தான் சாட்சி.

அன்புத் தங்கை,
லூர்து மேரி
லிங்கராஜபுரம், பெங்களூர்