பன் மாஸ்டர் வீட்டில் பாஸ்தா

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். தெருவுக்கே அவன் பன் மாஸ்டர். பேக்கரியில் மாவு பிசைவதும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். பிசைந்த மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, இரண்டு கையாலும் மெல்ல இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்தால்தான் அவன் முகத்தில் சிரிப்பு வரும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. அவனுக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்துவிட்டேன் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். இருக்கட்டுமே, வீட்டில் யாராவது ஒருத்தர் பேச வேண்டாமா?

கொடுமையைப் பாருங்கள். மாவை அப்படி இழுபட வைக்கிற பசைக்குக் குளூட்டன் என்று பெயராம். அதேதான் இவன் பெண்டாட்டியின் குடலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. வயிற்றுவலி, பேதி, மயக்கம் என்று அவள் படாத பாடு பட்ட பிறகு ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். கோதுமை, மைதா, ரவை எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாது. குடல் ஆறும்வரை பாலும் வேண்டாம். கறியும் முட்டையும் அவள் சின்ன வயதிலிருந்தே தொட மாட்டாள். மிச்சம் என்ன இருக்கிறது? காய்கறியும் அரிசியும்தான்.

மாவு டப்பாக்களையெல்லாம் நானே மாடியில் என் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். அப்படியும் வலி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? இவன் வேலை முடிந்து வந்தால் மாவு மூட்டைக்குக் கால் முளைத்து வந்த மாதிரி இருக்கும். புருவத்தில் மாவு, காது மடலில் மாவு.

"முதல்ல உன்னை உதறுடா! வீட்டுக்குள்ள நடமாடுற மைதாவே நீதான்" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து பேக்கரியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஹாலில் தனியாகப் படுத்தான். அவள் பக்கத்தில் உட்காரக்கூட யோசித்தான். அவளோ பயத்தில் வெறும் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை. உறவுக்காரர்கள் வேறு, "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்? எல்லாம் மனசுதான்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தப் பேச்சுதான் வலியைவிட அவளை அதிகம் வாட்டியது. எலும்பும் தோலுமாகிப் போனாள்.

கடைசியில், தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். ஞாயிறு காலையில் அவள் அண்ணன் காரோடு வருவதாக ஏற்பாடு.

"எப்போ திரும்பி வருவே?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணி. அவர் மேல தப்பு இல்ல. ஆனா அவர் பக்கத்துல இருந்தாலே எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயந்தேன். தம்பி தள்ளியே நின்று, "ஒரு வேளை. ஒரே ஒரு வேளை நான் சமைச்சுத் தரேன். சாப்பிட்டுட்டுப் போ" என்றான்.

இவனுக்குச் சமையலில் ஆனா ஆவன்னா தெரியாது. பேக்கரி அடுப்புக்குள் வைத்து எடுக்கத் தெரியும், அடுப்பின் மேல் வைத்துக் கிண்டத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் அரிசி மாவில் செய்த பாஸ்தா பாக்கெட்டோடும், பை நிறையக் காய்கறியோடும் வந்து நின்றான். நான் ஒத்தாசைக்கு இறங்கி வந்தேன்.

"அக்கா, உப்பு எத்தனை கிராம்?"

"கிராமா? கையில அள்ளிப் போடுடா, பெரிய நகைக்கடை!"

கேரட்டையும் குடைமிளகாயையும் ஒரே அளவாக, அச்சில் வார்த்த மாதிரி நறுக்கினான். எண்ணெயில் பூண்டு வாசம் வந்ததும் காளானைப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை வதக்கினான். தக்காளி குழைந்ததும், ஊறவைத்த முந்திரியை அரைத்து ஊற்றினான். பாலும் சீஸும் இல்லாமலே குழம்பு வெண்ணெய் மாதிரி வழவழவென்று வந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி கீரை. கொதிக்கும் தண்ணீரில் பாஸ்தாவைப் போட்டு, ஒட்டிக்கொள்ளாமல் கிளறினான். லேசாகக் கடிபடும்போதே வடித்து, காய்கறியோடு புரட்டினான். வாசனை என்னையே இழுத்தது. பரவாயில்லையே, என் தம்பி ஆளாகிவிட்டான் என்று பூரித்துப் போனேன்.

அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். தட்டில் பரிமாறி முன்னால் வைத்துவிட்டு, பதிலைக் கேட்கத் தெம்பில்லாதவன் போல் பாத்திரம் கழுவப் போய்விட்டான். அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு கரண்டியில் ஒரு வாய் அள்ளினாள்.

திபுதிபுவென்று தம்பி ஓடிவந்தான். அவள் கையிலிருந்த கரண்டியைத் தட்டிவிட்டான். தட்டைப் பிடுங்கினான்.

"டேய், உனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?" என்று அலறினேன்.

"இன்னும் வாயில வைக்கலியே? சொல்லு, வைக்கலியே?" என்று அவளைப் பார்த்துக் கெஞ்சினான். அவள் மிரண்டு போய் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

பாஸ்தா வடிக்கப் பெரிய சல்லடை வேண்டுமே என்று, பேக்கரியில் மாவு சலிக்கிற சல்லடையை எடுத்து வந்திருக்கிறான், என் புத்திசாலித் தம்பி! வெந்நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்தானாம். இப்போது கழுவும்போது விளிம்பு மடிப்புக்குள் விரல் போயிருக்கிறது. ஆவியில் ஊறிய பசை கொஞ்சம் நகத்தில் ஒட்டியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எங்களுக்கு இழுத்துக் காட்டினான். நூல் மாதிரி நீண்டது.

"அரிசிமாவு இப்படி இழுபடாது. இது கோதுமை."

"சரிடா, துளியூண்டுதானே? மேலாக எடுத்துட்டு..." என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம்.

"துளியும் கூடாதுக்கா!" என்று கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. தட்டு, சட்டி, சாயங்காலம் முழுக்க நின்று செய்த அத்தனையையும் குப்பைக் கூடையில் கவிழ்த்தான். அப்புறம் சுவரில் சாய்ந்து, சின்னப் பையன் மாதிரி விசும்பி விசும்பி அழுதான். "நானே உனக்கு ஊட்டிவிட இருந்தேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் எழுந்து போய் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் பாதி இருக்கு. கையை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அவன் முழங்கை வரை சோப்புப் போட்டான், சட்டையை மாற்றினான். நான் சல்லடையைத் தூக்கித் தெருவாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். மிஞ்சிய காய்களை அவளே நறுக்கினாள். சோறு மட்டுமே வேகிற பானையில் பாஸ்தா வெந்தது. மூடியைச் சாய்த்துப் பிடித்து வடித்தாள். காளான் தீர்ந்துவிட்டது, கீரை இல்லை, முந்திரி பேருக்குத்தான் இருந்தது. மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்தோம். அவள் தயங்கவே இல்லை. இரண்டாவது முறை அவளே போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் அண்ணன் போன் செய்தான். கையெல்லாம் குழம்பு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலையில சீக்கிரமே வந்துடறேன். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

"வர வேண்டாம்ண்ணா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"சாப்பிட உக்காந்தேன். வாய்கிட்ட கொண்டுபோறேன், தட்டைப் பிடுங்கிட்டார்ண்ணா."

"என்னது, தட்டைப் பிடுங்கினாரா? சாப்பிடுறவ தட்டையா?"

"ஆமாண்ணா. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நீ அங்க ஒரு நிமிஷம் இருக்க வேண்டாம். இப்பவே கிளம்பி வரேன்!"

"வேண்டாம்ண்ணா" என்றாள் அவள், என் தம்பியைப் பார்த்துக்கொண்டே. "இவர்கூட இருந்தா நான் பொழச்சுக்குவேன்."