சிவப்புத் துளைக்குச் சிவப்பு முனை

என் அக்கா ஜெயப்பிரியா மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபைபர் டெக்னீஷியன். வயது இருபத்தாறு. ஒப்பந்த வேலை. போன ஆயுத பூஜையன்று அவள் செய்ததை யாரிடம் சொன்னாலும், "கேபிள் மாட்டுனா, அதானே" என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்ததும் கோவளத்தில் ஒரு கேபிள்காரரிடம் சேர்ந்தாள். கம்பம் ஏறி, மாமல்லபுரம் வரை விடுதிகளுக்கு ஃபைபர் இழுத்தாள். வேடிக்கை பார்த்த கூட்டத்தை அவள் மதிக்கவே இல்லை. அவளுக்கு உப்புக் காற்றோடுதான் சண்டை. ஃபைபர் என்பது முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் போவது வெளிச்சம். முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், வெளிச்சம் அந்தப் பக்கம் போய்ச் சேராது. இதை அங்கே கற்றுக்கொண்டுதான் தொழிற்சாலைக்கு வந்தாள்.

தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். கேபிள்கள் வந்து சேரும் இரும்பு ராக்குக்கும் உண்டு. போன பூஜைக்கு முந்தைய வருடம் துப்புரவுப் பிரிவினர் ராக்கில் இருந்த கேபிள்களை எல்லாம் உருவி, பளபளவென்று துடைத்து, பொட்டு வைத்து, கைக்கு வந்த துளையில் செருகிவிட்டார்கள். சாதாரண முனைகள் எல்லாம் ஒரே அச்சு. எந்தத் துளையிலும் போகும். வெல்டிங் ரோபோக்களின் கேபிள் கண்காணிப்புக் கேமராவின் துளையில் இருந்தது. உற்பத்தி லைன் அரை நாள் நின்றது. உருவியது யார் என்று எவரும் கேட்கவில்லை. ஃபைபர் என்றால் ஜெயப்பிரியா. பழி அவள் தலையில் விழுந்தது.

ராக் இருக்கும் அறையைப் பூட்டிவிடலாமே என்று நான் கேட்டேன். பூஜை போடாத ராக்கை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்ட அங்கே யாருக்கும் தைரியமில்லை. அக்காவுக்கும்தான்.

அவள் கண்டுபிடித்த வழி வேறு. சாவி போல அச்சு வைத்த முனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிவம். சிவப்பு முனை சிவப்புத் துளைக்குள் மட்டுமே போகும். மஞ்சளுக்குள் தலைகீழாக நின்றாலும் போகாது. ரோபோக்களுக்குச் சிவப்பு, கேமராக்களுக்கு மஞ்சள் என்று அவள் கேட்டாள். பராமரிப்பு மேலாளர் கஸ்தூரிரங்கன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவசரத்துல ஒரு சிவப்பு உடைஞ்சா என்னம்மா பண்ணுவே? அலமாரி நிறைய சாதாக் கேபிள் இருக்கும், ஒண்ணு கூட உள்ளே போகாது. அதைக் கையில வெச்சுண்டு லைனை நிறுத்தி வெப்பியா?"

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அக்கா இரண்டு மாதம் விடாமல் கேட்டு ஒரே ஒரு ராக்குக்கு அனுமதி வாங்கினாள். நிபந்தனையும் சேர்ந்து வந்தது. பூஜை முடிந்து பன்னிரண்டு மணிக்கு லைனை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். அப்போது ஓடாவிட்டால் பழைய முனைகள் திரும்பி வரும்; ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்புவார்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்பதால் நானும் கம்பெனி பஸ்ஸில் போயிருந்தேன். பதினொன்றரைக்கு அக்காவின் போன் அடித்தது. துப்புரவு மேற்பார்வையாளர் தனகோடி அக்கா.

"இன்னாடி பிரியா, இந்த செகப்பு உள்ள போவ மாட்டேங்குது. லேசா ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டா?"

"கைய எடுக்கா. தட்டாத. தோ, வந்துகினே கீறேன்."

அக்கா ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். ராக் சுத்தமாக மின்னியது. தனகோடி அக்கா ஒரு சிவப்பு முனையை மஞ்சள் துளையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். போன தடவை லைனை நிறுத்திய அதே தப்பு. இந்தத் தடவை அந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது.

"போன வருசம் எதுல சொருவுனாலும் சமத்தா போச்சு. நீ வாங்கியாந்தது அடம் புடிக்குது."

"அடம் புடிக்கட்டும்னுதான் வாங்கியாந்தேன்."

மளமளவென்று எல்லாம் அதனதன் துளையில் ஏறின. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஒன்று மட்டும் எரியவில்லை. அது ஒரு சிவப்பு முனையின் விளக்கு. மணி பதினொன்று நாற்பது. கஸ்தூரிரங்கன் சார் வாசலில் வந்து நின்று, மாற்றுக் கேபிள் எங்கே என்று கேட்டார். கம்பெனி மாற்று வாங்கித் தரவே இல்லை. எண்ணிக்கைக்குச் சரியாகத்தான் வந்திருந்தது. அவர் பயந்தது அப்படியே கண்முன் நடந்தது.

அக்கா அந்தச் சிவப்புக் கேபிளை உருவினாள். முனையைப் பரிசோதிக்கும் சின்னக் கேமராவில் வைத்தாள். திரையில் வட்டமான கண்ணாடி முகம். அதன் நட்டநடுவில் காய்ந்த சந்தனம்.

"மூக்குல பொட்டு வெக்காம இன்னாடி பூச?" என்றார் தனகோடி அக்கா, கேபிள் முனையைக் காட்டி.

பேனா போன்ற வழக்கமான துடைப்பான் அதைப் பெயர்க்கவில்லை. பஞ்சு பிரியாத துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். திரையில் பாதி மறைந்தது. மறுபடி துடைத்தாள். ஓரத்தில் ஒரு கீற்று. மூன்றாவது தடவை நிலாப் போல வெறும் வட்டம். துளையின் உட்புறத்தையும் துடைத்துவிட்டுச் செருகினாள். பச்சை. மணி பதினொன்று ஐம்பத்தேழு.

பூசணிக்காய் உடைந்தது, ரோபோக் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. ஐந்து நிமிடமும் நான் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு கஸ்தூரிரங்கன் சார் அவளிடம் நேராகக் கேட்டார். "இது உபயோகமா, இல்லையா? உள்ளதைச் சொல்லு."

"தப்பா மாட்டாம தடுக்குது சார். அழுக்கத் தடுக்காது. மிஷினுக்குப் போற இன்னொரு ராக்குக்கும் போடலாம், அது போதும். ஆபீஸ் பக்கம் வேணாம்; அங்க மாறுனா கொஞ்ச நேரம் மெயில் வராது, அவ்ளோதான். ஆனா நெறத்துக்கு ரெண்டு மாத்து இல்லாம இனிமே நான் கை வெக்க மாட்டேன்."

வேண்டியதைப் பட்டியல் எழுதிக் கொடு என்றார் அவர். ஒப்பந்தக்காரரிடம் ஆளை மாற்ற வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அக்கா அங்கேயே, பொரியைக் கொறித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். தனகோடி அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அதுலயே இந்த மூக்குக்கு ஆளுக்கொரு மூடி எழுது. வர்ற வருசம் மூடி மேல பொட்டு வெச்சிக்கிறோம்."

அக்கா முதல் வரியில் அதை எழுதினாள்.