சரிலே என்றொரு கட்டளை

கணினி என்னைக் கேள்வி கேட்பது எனக்குப் பிடிக்காது. சொன்னதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திமிரோடுதான் பதினைந்து வருடத்துக்கு முன்னால் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்கிற இயங்குதளத்துக்கு மாறினேன். "உன் மெஷின், உன் இஷ்டம்" என்று யாரோ சொன்னதை நம்பி வந்தால், இங்கேயும் கேள்விதான்.

லினக்ஸில் எந்த மென்பொருளை ஏற்றுவதற்கும் நீக்குவதற்கும் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒன்றைக் கேட்டால், அதோடு வேறு எதெல்லாம் வரும், எதெல்லாம் போகும் என்று நீளமாகப் பட்டியல் போட்டு, "தொடரலாமா?" என்று கேட்கும். கணினியின் உயிர்நாடியில் கை வைக்கிற வேலை என்றால் வெறும் "ஆம்" போதாது. "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று முழு வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் அடிக்கச் சொல்லும். இம்போசிஷன் எழுதுகிற வயதா எனக்கு? ஓர் இணைய மன்றத்தில் இதை எதிர்த்து நான் கத்தாத வாரம் கிடையாது. "பயனர் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை" என்பது என் வழக்கமான முதல் வரி.

என் மனைவி தென்காசி கோர்ட்டில் வக்கீல். அவளுடைய மடிக்கணினியிலும் நான்தான் வலுக்கட்டாயமாக லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். "இது என்னமோ கேக்குது, வந்து பாருங்க." நாலு தடவை எழுந்து போனேன். ஐந்தாவது தடவை எழச் சோம்பல்பட்டு, அவளுக்காகவே ஒரு கட்டளை எழுதி வைத்தேன். அதன் பெயர் "சரிலே". அதை அடித்துப் பக்கத்தில் வேண்டிய மென்பொருளின் பெயரைப் போட்டால் போதும். கருவி என்ன கேட்டாலும் அதுவே "ஆம்" சொல்லிவிடும். அந்த முழு வாக்கியத்தைக்கூட அதுவே அடித்துவிடும். பட்டியல் கண்ணில் படுவதற்குள் வேலை முடிந்திருக்கும். சுதந்திரம் என்றால் இது என்று மன்றத்தில் பீற்றிக்கொண்டேன். பதினோரு பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

போன சாரல் காலத்தில் அவள் ஒரு பாதை வழக்கை நடத்திக்கொண்டிருந்தாள். கட்சிக்காரர் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு அக்கா. கணவர் இல்லை, ஒன்றரை ஏக்கர் நிலம். அதற்குப் போகிற வண்டிப்பாதை பக்கத்து வயல் வழியாகப் போகிறது. சூரியகாந்தி பூத்தால் போட்டோ எடுக்க வருகிறவர்கள் பயிரை மிதிக்கிறார்கள் என்று பக்கத்து வயல்காரர் பாதையை அடைத்து முள்கம்பி வேலி போட்டுவிட்டார். அந்த அக்கா உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தார். ஏழெட்டு வாய்தா ஆகிவிட்டது. எழுத்துமூல வாதத்தைத் திங்கட்கிழமை காலையில் கொடுத்தே ஆக வேண்டும், இனி வாய்தா இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். பதினான்கு பக்கம் முடிந்திருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

ஞாயிறு காலையில் அவளை எழுத விட்டுவிட்டு நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். மெயின் அருவியில் நல்ல தண்ணீர். தலையைக் கொடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, விசில் ஊதிவிட்டார்கள். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொடப் போகிறதாம், எல்லோரும் வெளியே வர வேண்டுமாம். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரிடம் வாதாடினேன்.

"சார், நான் தென்காசிக்காரன். முப்பது வருஷமா இங்கன குளிக்குதேன். எப்ப ஆபத்து, எப்ப இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றார் அவர், சலிக்காமல். "தண்ணிக்கு உங்களத் தெரியாதுல்லா. வெளிய வாங்க."

வந்தேன். சோப்புப் போடாதே, ஷாம்பு போடாதே, இப்போது குளிக்கவே குளிக்காதே என்று முனகிக்கொண்டே காருக்கு வந்து போனை எடுத்தால், மனைவியிடமிருந்து பதினான்கு அழைப்புகள். பக்கத்துக்கு ஒன்று.

நடந்தது இதுதான். கடைசிப் பக்கம் எழுதுவதற்கு முன்னால் மற்றதைத் தாளில் எடுத்துச் சிவப்பு மையால் திருத்துவது அவள் வழக்கம். பிரிண்டர் வேலை செய்யவில்லை. அதற்கான மென்பொருளை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, அதன் பெயருக்கு முன்னால் "சரிலே" போட்டுத் தட்டியிருக்கிறாள். அது பழைய காலத்துச் சரக்கு. அதை உள்ளே விட வேண்டுமானால் திரையில் தெரிகிற அத்தனையும் வெளியே போக வேண்டும் என்று கருவி சொல்லியிருக்கும். வாக்கியத்தை அடி என்று கெஞ்சியும் இருக்கும். என் கட்டளை சந்தோஷமாக அடித்துக் கொடுத்துவிட்டது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஃபைல் இருக்கா, போச்சா? அத மட்டும் சொல்லுங்க."

தேடினேன். இருந்தது. போனது அலங்காரம்தான், அவள் எழுதியது பத்திரமாகக் கிடந்தது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, என் வாய் சும்மா இருக்காமல், "கண்ட இடத்துல இருந்தெல்லாம் இறக்குவியாட்டி? அது என்ன கேக்குதுன்னு பாக்க மாட்டியா?" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு முன்னால் இப்படித்தான் செய்வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டிருக்கும்."

"யாரு பதில் சொன்னா? நானா?"

"இல்ல."

"நீங்க அருவியில நின்னுக்கிட்டு இங்கன பதில் சொல்லியிருக்கீய. அது என்னைக் கேட்ட கேள்வி. எனக்கு வந்த கேள்விக்கு நீங்க எதுக்குப் பதில் சொல்லுதீய? இதுக்குப் பேரு சுதந்திரமா?"

மன்றத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அரைப் பக்கத்துக்கு எழுதிக் கிழித்திருப்பேன். அவள் முன்னால் வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் திங்கட்கிழமை அந்த அக்கா சுந்தரபாண்டியபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கோர்ட் வாசலில் நிற்பார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஞாயிறும் மதியம்வரை திறந்திருக்கும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றபடியே, அந்தக் கடையின் அழுக்குக் கீபோர்டில் அவள் கடைசிப் பக்கத்தை அடித்தாள். பக்கங்களை வாங்கி அடுக்குவது என் வேலை. கடைசிப் பக்கம் இளஞ்சூடாகக் கைக்கு வந்தது. "வேலியை எடுக்க வேண்டும் என்று வாதி கேட்கவில்லை. வேலியில் ஒரு கதவும், கதவின் சாவி ஒன்று தன் கையிலும் வேண்டும் என்றே கேட்கிறார்." அதை இரண்டு தடவை படித்தேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம் அண்ணாச்சி" என்றார்.

திங்களன்று காலையில் தாக்கல் செய்துவிட்டாள்.

நான் புத்தி வந்தவனாயிற்றே. கணினியைச் சரிசெய்து, சரிலேயை அழித்து, இனி என் கடவுச்சொல் இல்லாமல் எதையும் ஏற்றவோ நீக்கவோ முடியாதபடி பூட்டியும் வைத்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இப்ப முள்வேலி போட்டாச்சாக்கும்," என்றாள்.

பூட்டை எடுத்தேன். கடவுச்சொல்லை அவளே மாற்றிக்கொண்டாள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கதவு உண்டு, சாவி உண்டு. அன்று சாயங்காலம் அந்த அக்கா கொண்டுவந்து கொடுத்த வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே மனைவி எதையோ ஏற்ற உட்கார்ந்தாள். கருவி பட்டியல் போட்டது. அவள் அதைத் தஸ்தாவேஜு படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தாள். பாதியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இது போகும்னு சொல்லுதே. போனா என்ன ஆகும்?"

அந்தப் பெயரைப் பதினைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆயிரம் தடவையாவது அதன் கீழே "ஆம்" அடித்திருப்பேன்.

"தெரியலட்டி," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லை" என்று அடித்தாள்.