ஓட்டுநர் பார்த்த குரோம்பேட்டை

"டீச்சர், பிரேக் போட்டா ரயில் ஏன் உடனே நிக்க மாட்டேங்குது?" என்று முன்பு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்.

"வேகமா ஓடி வந்து கோட்டுல சட்டுனு நில்லு பார்ப்போம்," என்றேன். நான்கு அடி தள்ளித்தான் நின்றாள். "உனக்கே இப்படின்னா, அத்தனை பெட்டியை இழுக்கிற ரயிலுக்கு?"

இன்று மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில், ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்தது. நானும் கணவரும் பார்த்தோம்.

குரோம்பேட்டை நெருங்கும்போது, குடையும் காய்கறிப் பையுமாக ஒருவர் தண்டவாளத்தில் இறங்கினார். ஹாரன் அலறியது. அந்த நேரம் பார்த்து வீடியோ நின்று, நடுவில் வட்டம் மட்டும் சுற்றியது.

"யோவ், சீக்கிரம் நடய்யா! கல்யாண ஊர்வலமா போறே?" என்று கணவர் திரையைப் பார்த்துக் கத்தினார்.

தினமும் அதே இடத்தில் தண்டவாளம் தாண்டிக் காய் வாங்கி வருபவர் இவர். மேம்பாலம் ஏறினால் முட்டி வலிக்குமாம்.

வீடியோ மறுபடி ஓடியது. அந்த மனிதர் மயிரிழையில் தப்பினார்.

"நான் இதைவிட வேகமா போவேன்."

"அவரும் அப்படித்தாங்க நினைச்சிருப்பார்."

கணவர் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதை எழுதும்போது ஹாரன் கேட்கிற ஒவ்வொரு தடவையும் என் விரல் நின்றுவிடுகிறது.

இதோ, வந்துவிட்டார். "அந்த மேம்பாலத்தைக் கட்டினவனுக்கு முட்டியே கிடையாதா?" என்று திட்டிக்கொண்டே தைலம் தேடுகிறார். நிம்மதியாகத் தேடட்டும்.

உங்கள் வீட்டிலும் தண்டவாளம் தாண்டுபவர் இருந்தால், இப்படி ஒரு வீடியோவைப் போட்டு எதிரே உட்கார வையுங்கள்.