நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்துகள்

எங்கள் மைதானத்துக் கோல் கம்பத்தைச் சுரண்டினால் அதன் சரித்திரம் முழுவதும் வெளியே வந்துவிடும். மேலே சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், பிறகு பச்சை, அடியில் நீலம். எந்தக் கழகம் வந்தாலும் முதல் வேலை கம்பத்துக்குத் தன் நிறத்தைப் பூசுவதுதான். பந்து வாங்குவதெல்லாம் அப்புறம்.

நீலம் தோட்டத்துக்காரர்களுடையது. பொகவந்தலாவைக்குப் போகிற பாதையோரத்தில் தேயிலை பிடிக்காத ஒரு சரிவை என் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் வெட்டி ஓரளவு மட்டமாக்கினார்கள். ஓரளவுதான். இன்றைக்கும் மேல்பக்கத்திலிருந்து விளையாடுகிற அணிக்கு ஓர் ஆள் கூடுதலாக இருப்பது போலத்தான். பச்சை, கடைவீதி முஸ்லிம் வாலிபர்கள் தொடங்கியது. அங்கே முதலில் பூட்ஸ் போட்டு இறங்கியவர்கள் அவர்கள். இரண்டிலும் ஆள் குறைந்தபோது ஒன்றாகச் சேர்ந்து மஞ்சள் ஆனோம். அதற்கு நான் செயலாளர். கோல் காத்தவன் என் கூட்டாளி. தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு.

அவன் நுவரெலியாவில் ஹோட்டல் வேலை பார்த்தவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்களில் பலரும் சந்தையில் சண்டை போடுகிற அளவுக்குச் சிங்களம் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் அவனிடம் ஓடுவோம்.

மைதானத்தின் மூலையில் யார் யாரோ வேன்களை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். மைதானத்தை எங்கள் கழகத்தின் பெயருக்கே எழுதித் தரச் சொல்லி பிரதேச சபைக்கு மனு போடுவோம் என்றான். அவனே சிங்களத்தில் எழுதிக்கொண்டும் வந்தான்.

"தமிழ்ல குடுத்தா மேசைக்கு அடியில போயிரும்டா" என்றான். அது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

கையெழுத்து வாங்கியது நான். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற இடத்தில், வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால், மழையில் நனையாமல் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஓர் அக்கா கேட்டார்.

"இதுல என்னா தம்பி எழுதியிருக்கு?"

"நம்ம கிரவுண்டு நமக்கேன்னு எழுதியிருக்கு அக்கா."

"நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் கம்பம் சிவப்பானது. புதுக் கழகம், அதற்குத் தலைவர் அவன். ஆடுகிறவர்கள் எல்லோரும் டவுன் பையன்கள். சுற்றிலும் கம்பி வேலி, கேட்டில் பூட்டு. சபைக்கு ஓடினேன். அங்கிருந்த ஒரு தமிழ் எழுதுவினைஞர் எங்கள் மனுவை எடுத்து நிதானமாக வாசித்துக் காட்டினார். பழைய கழகத்தைக் கலைத்துவிட்டோம், மைதானத்தைப் புதிய கழகத்திடம் ஒப்படைக்க எங்களுக்குப் பூரண சம்மதம். அடியில் எல்லோருடைய கையெழுத்தும். முதல் கையெழுத்து என்னுடையது.

நேரே அவன் வாசலில் போய் நின்றேன். அவன் படியில் உட்கார்ந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?"

"வாசிச்சுக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேன்டா. நீ கேக்கவே இல்லையே."

என்னை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். பழியையும் என் தலையிலேயே கட்டிவிட்டு நிம்மதியாகக் கயிறு கட்டினானே, அதை மறக்க மாட்டேன். அவனை அடிக்கவும் கை வரவில்லை. கூட்டாளியிடம் போய் வாசித்துக் காட்டு என்று எவன் கேட்பான்?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கள எழுத்துப் படிக்கப் போனேன். இந்த வயதில் அரிச்சுவடி. போன மாதம் மைதானத்துக் கேட்டில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றபோது அந்த அக்கா வந்தார்.

"என்னா தம்பி போட்டிருக்கு?"

"வெளியாளுங்க உள்ள வரக்கூடாதாம் அக்கா."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவையாவது சரியா வாசிச்சியா?"