இரண்டு பேருக்கான வண்டி

கடைசியாகப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த அன்று, நானும் என் கணவரும் ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். சாவியைப் போட்டுவிட்டேன். திருகத் தோன்றவில்லை. கல்யாணமான மறு வருஷம் தொடங்கிய ஊசியும் மாத்திரையும் ஸ்கேனும் இனி வேண்டாம் என்று இருவருமாகத்தான் முடிவு செய்திருந்தோம்.

அவர்தான் முதலில் பேசினார். "இனிமே பின் சீட்டு எதுக்கு? ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி ஒரு வண்டி வாங்கிடலாம். நோக்குப் பிடிச்சதா."

என் கணவர் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கார் ஓட்டத் தெரியுமே தவிர, அதில் அவருக்குப் பயம்தான். ஓட்டும் பைத்தியம் எனக்கு. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஆபீஸ் முடிந்து வரும்போது நேர் வழியை விட்டுவிட்டு மேடும் வளைவுமாக இருக்கும் ரோட்டைத் தேடிச் சுற்றி வருவேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொச்சியில் ஒருவர் விற்பதாக இருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினோம். பழைய வண்டி. கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். எங்கள் வலியசாலைத் தெருவுக்குள் அதைக் கொண்டுவந்தபோது பக்கத்து வீட்டார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோவிலுக்குப் போகணும்னா நான் எங்கேடீ இருக்கறது?"

"முன்னே இருந்த வண்டியும் இருக்கேம்மா," என்றேன்.

"அதில்லே. நாளைக்கு ஒரு குழந்தைன்னு வந்தா எங்கே இருத்துவேள்னாக்கும் கேட்டேன்."

டாக்டர் சொன்னதை அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. என் கணவர் வண்டியின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அது சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் பொன்முடி மலைதான். விடிந்ததும் கிளம்பிவிடுவோம். நெடுமங்காடு தாண்டியதும் ரோடு வளையத் தொடங்கும். வித்துரா சந்தையைக் கடந்து, கல்லாற்றுப் பாலத்தருகே ஒரு கடையில் டீ குடித்துவிட்டுக் கூரையை மடக்குவேன். அதற்குமேல் காடு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வண்டி கொஞ்சம் முனகும். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாதி வளைவில் மெல்ல ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், பின் சக்கரங்கள் இடுப்பில் கைகொடுத்துத் தள்ளுவதுபோல நம்மை வெளியே கொண்டுவந்துவிடும். அந்த ஒரு கணத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். வேகம் பெரிதாக இருக்காது. இறங்கிவரும் பஸ்ஸுக்காகப் பலமுறை ஒதுங்கி நிற்கவும் வேண்டும். ஆனால் அங்கே கையும் காலும் கண்ணும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தன. பல வருஷமாக யார் யாரோ சோதித்துப் பார்த்த, ஒன்றுக்கும் உதவாது என்று நான் நினைத்திருந்த இந்த உடம்பு அங்கே சொன்னபடி கேட்டது.

முதல் சில வாரங்கள் அவர் கதவுப் பிடியை விடவே இல்லை. பிறகு விட்டார். பிறகு பேசத் தொடங்கினார். வீட்டில் பேசாததையெல்லாம் அந்த ரோட்டில் பேசினார். நான் வளைவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஞாயிறு, பெண் குழந்தை பிறந்தால் வைக்கலாம் என்று மனதுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"நல்ல பேர்," என்றேன்.

"ஆமா. நல்ல பேர்," என்றார் அவரும்.

அடுத்த வளைவுக்கு நான் கியரை மாற்றினேன்.

இரண்டாம் வருஷ மழை ஓய்ந்த சமயம். பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் திரும்பி முடிந்த பிறகும் காடு நிற்காமல் சுற்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எந்த வளைவிலும் எனக்கு அப்படி ஆனதில்லை. நிமிர்ந்தபோது அவர் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் தள்ளிப்போயிருந்தது. அந்த ஊசிகளுக்குப் பிறகு அது ஒழுங்காக வந்ததே இல்லை என்பதை அப்போது நினைக்க விரும்பவில்லை.

"நான் ஓட்டறேன்," என்றார்.

அந்த வண்டியை அன்றுதான் முதன்முதலாக அவர் ஓட்டினார். நிறைகுடத்தை மடியில் வைத்திருப்பதுபோல ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தார். பின்னால் வந்த பைக்குகள் ஹாரன் அடித்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. கல்லாற்றுக் கடையில் என்னை உட்காரவைத்து உப்புப் போட்ட எலுமிச்சை வெள்ளம் கேட்டார். மலையாளத்தில் தண்ணீருக்கு அதுதான் பேர். கடைக்காரம்மா கண்ணாடி டம்ளரை என் கையில் தந்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "விசேஷம் வல்லதும் உண்டோ மோளே?"

எங்கள் தெருத் தமிழிலும் விசேஷம் உண்டா என்றால் உண்டாகியிருக்கிறாயா என்றுதான் அர்த்தம். "அறியில்லா சேச்சி," என்றேன். தெரியவில்லை என்று சொன்னதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. இல்லை என்றுதானே அத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன்.

வித்துராவில் மருந்துக் கடை முன்னால் அவர் வண்டியை நிறுத்தினார். எதற்கென்று சொல்லவில்லை. ஒரு சின்னக் காகித உறையோடு திரும்பி வந்தார். வீடு வரும்வரை அதை நான் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன்.

வீட்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். சோதனை அட்டையில் ஒரு கோடுதான் வந்தது. குழந்தை என்றால் இரண்டு வர வேண்டும்.

"காலம்பற பார்த்தாத்தான் சரியா தெரியும்," என்றார்.

காலையிலும் ஒரு கோடுதான். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "போறும், விடுங்கோ," என்று நான்தான் கையிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு அவர் கல்லூரிக்குப் போகவில்லை. நானும் ஆபீசுக்குப் போகவில்லை. மாமியாரிடம் எனக்குத் தலைவலி என்று சொன்னோம்.

தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. இடது காதில் இடைவிடாமல் ஒரு இரைச்சல் கேட்டது. காது டாக்டர் பல பரிசோதனைகள் செய்தார். உள்காதில் நீரழுத்தம் கூடுகிற வியாதி, அந்தப் பக்கம் கேட்பது இன்னும் குறையும், மாத்திரையால் சுற்றலைக் கொஞ்சம் அடக்கலாம் என்றார். எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் கார் ஓட்டக்கூடாது, மலை ரோடு அறவே வேண்டாம் என்றார். காது போவதைக் கேட்டு நான் அழவில்லை. வெளியே வந்து, அந்த ஒரு டம்ளர் எலுமிச்சை வெள்ளத்தை நினைத்து அழுதேன். நம்பிக்கையை விட்டுவிட்டோம் என்றுதான் அந்த வண்டியை வாங்கியிருந்தோம். விடவில்லை என்பது எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

வண்டி உறைக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் கிளப்பி, சற்று நேரம் உறுமவிட்டு அணைப்பார். ஒருமுறை, "வளைவே இல்லாத ரோட்டிலே போலாம், வா," என்று கோவளம் பைபாஸில் என்னைக் கூட்டிப்போனார். அகலமான, நேரான ரோடு. தலை சுற்றவில்லை. வேறு எதுவும் தோன்றவும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நன்னாத்தான் இருக்கு."

அவர் அடுத்த திருப்பத்திலேயே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். அந்த மாசமே விற்றுவிடலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை.

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. ஓட்டப்போகிறவள் அந்தப் பெண்தான். பொன்முடியில் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். ஈற்றை மூங்கில் காடு மறைக்கிற வளைவு, மழை பெய்தால் மண் வழிந்து கிடக்கும் வளைவு, பஸ்காரர்கள் அகலமாக எடுக்கிற வளைவு, தேயிலை தெரியத் தொடங்கும்போது சட்டென்று வரும் பனி. கை தானாகக் கியரை மாற்றிக் காட்டியது. அவள் தலையசைத்துக்கொண்டே கேட்டாள். பேசி முடித்துத் திரும்பினால் என் கணவரைக் காணவில்லை. உள்ளே போயிருந்தார்.

அவர்கள் கிளம்பினார்கள். வண்டி தெருமுனைக்குப் போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு காதால் மட்டும் கேட்டால் சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று தெரியாது. எனக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது. அவரும் இதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போறா?" என்று கேட்டேன்.

"கிழக்கே, மலைப் பக்கம்," என்றார். சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, "சாப்பிடலாம் வா," என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.