மஞ்சளுக்கு அடியில் இருந்த எழுத்து

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கிணறு வெட்டினேன், நெல் மில் வைத்தேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். இன்று மருமகன் செல்வத்தை அரபு நாட்டு வேலைக்கு விமானம் ஏற்றிவிட ரயிலில் திருச்சி போகிறேன்.

பூதலூரில் ஏறிய அந்த ஊர்க்காரர் கனி பாய் எதிரே உட்கார்கிறார். பன்னிரண்டு வருஷம் அரபு நாட்டில் வேலை பார்த்தவராம். பெருமையாக விசாத் தாளை நீட்டுகிறேன். சாமி படத்தின் முன் வைத்து நானே மஞ்சள் தடவிய தாள்.

பாய் நகத்தால் மஞ்சளைச் சுரண்டுகிறார்.

"படிக்க வேண்டிய இடத்துல பார்த்துத் தடவியிருக்கீங்களே, ஐயா! இது விசிட் விசா. சுத்திப் பார்க்கத்தான். வேலை செஞ்சா பிடிச்சு உள்ள வச்சிருவான்."

"அங்க போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாருங்க," என்கிறான் செல்வம்.

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க தம்பி. மூணு மாசம் ரூமுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தேன். வேலை விசான்னா கம்பெனி பேரும் உங்க வேலையும் அதுல இருக்கணும்."

திருச்சியில் இறங்கியதும் வீடு திரும்ப தஞ்சாவூர் போகும் ரயிலைத் தேடுகிறோம். பாயின் கையை விட எனக்கு மனமே இல்லை. என் மகள் வாழ்க்கையைக் காப்பாற்றியவர் அவர். ஆனாலும் தாளை நீட்டியவன் நான். இந்தக் கதையை வீட்டில் யார் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.